பழைய ஜீப்பில் என்ஜின் ஏற்றுமுன்

சங்கத்து அன்பர் ஒருவர் இப்பக்கத்துக்கு ஒரு வினா விடுத்துள்ளார். தந்தையார் காலத்து மகேந்திரா ஜீப் ஒன்று அவர் வீட்டில் உள்ளது. தோட்டத்துத் தேங்காயையும் பாக்கையும் சந்தைக்குக் கொண்டு சேர்ப்பது அவ்வண்டியே. இப்பொழுது அதன் பெட்ரோல் என்ஜின் ஓய்ந்துவிட்டது. விடுமுறைக்குச் சென்னை செல்லும்போது புதுப்பேட்டையில் பழைய டீசல் என்ஜின் ஒன்றை வாங்கிக் கப்பலில் ஏற்றிவிடலாமா என்பது அவர் கேள்வி. இது அவர் ஒருவருக்கே உரிய கேள்வியன்று. தீவில் பழைய ஜீப் வைத்திருக்கும் வேறு பல குடும்பங்களும் இதனை என்றேனும் எண்ணியிருக்கும். தண்டவாளமே இல்லாத ஊரில் ரயில் முன்பதிவு மேசையில் அமர்ந்திருக்கும் எழுத்தனுக்கு ஜீப்பைப் பற்றி என்ன தெரியும் என்று நகைப்பவர் நகைக்கலாம். தாய்மாமன் பட்டறையில் ஸ்பானர் எடுத்துக் கொடுத்து வளர்ந்தவன் நான். அங்குக் கண்டதையும், கையேடுகளில் படித்து அறிந்ததையும் எழுதுகிறேன்.

விடையை முதலிலேயே கூறிவிடுகிறேன். இருக்கும் என்ஜினைப் போர் செய்து ஓட்ட வழியிருந்தால் அதுவே மேல். இயலாதெனில் அதே வகை என்ஜினைத் தேடுக. அப்பொழுதும் என்ஜினை மட்டும் வாங்காது, கியர்பாக்ஸையும் டிரான்ஸ்பர் கேஸையும் ஒரே வண்டியிலிருந்து சேர்த்தே வாங்குக. மூன்றும் பெயரளவில்தான் மூன்று. வேலையில் அவை ஓருடல்.

காரணம் யாதெனில், நம் நாட்டில் நெடுங்காலம் ஓடிய ஜீப்புகள் அமெரிக்க வில்லிஸ் நிறுவனத்தின் சிஜே-3பி என்னும் அமைப்பைத் தழுவியவை. அதன் என்ஜின் 2.2 லிட்டர் கொள்ளளவுள்ள நான்கு சிலிண்டர் பெட்ரோல் என்ஜின். அதன் பின்னே டி-90 என்னும் மூன்று வேகக் கியர்பாக்ஸ்; அதற்கும் பின்னே ஸ்பைசர்-18 என்னும் டிரான்ஸ்பர் கேஸ். கியர்பாக்ஸிலிருந்து வரும் சுழற்சியை முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் பகிர்ந்தளிப்பது இந்தக் கடைசிப் பெட்டியே. முதல் கியரில் சுழற்சி 2.8 மடங்கு குறைகிறது. டிரான்ஸ்பர் கேஸின் தாழ்நிலையில் மேலும் 2.46 மடங்கு, ஆக்சிலில் 5.38 மடங்கு. மூன்றையும் பெருக்கினால் 37 வருகிறது. அஃதாவது என்ஜின் 37 முறை சுழன்றால் சக்கரம் ஒருமுறை சுழலும். நிமிடத்துக்கு 1000 சுற்றில் என்ஜின் ஓடும்போது வண்டி மணிக்கு மூன்றரை கிலோமீட்டர் வேகத்தில், நடக்கும் மனிதனைவிடச் சற்று மெதுவாக ஊரும். மழையில் சேறாகிவிட்ட தோட்டத்து மேட்டில் சுமையோடு ஏறுவது இந்தக் கணக்கினால்தான். என்ஜின் பெரிதாக இருப்பதனால் அன்று.

இந்தக் கணக்கினிடையே வேறு இனத்து என்ஜின் ஒன்றைப் புகுத்தினால் என்ன ஆகும்? பெட்ரோல் என்ஜின் 4000 சுற்று வரை ஓடும். 3000 சுற்றோடு நின்றுவிடும் பழைய டீசல் என்ஜினை அதே ஆக்சிலோடு பூட்டினால், 98 கி.மீ. ஓடிய வண்டி 73-க்கு மேல் போகாது. நம் சாலைகளில் அதனால் பெரிய நட்டமில்லை என்று ஒப்புக்கொள்கிறேன். நட்டம் வேறிடத்தில் உள்ளது. டீசல் என்ஜினின் அதிர்வு முரட்டு அதிர்வு. எடையும் மிகுதி. முன் வில்பட்டை தாழும்; என்ஜினைத் தாங்கும் பிடிகள் விரியும்; பெட்ரோலுக்கென அமைந்த ரேடியேட்டர் போதாமற் போகும். மகேந்திரா நிறுவனமே பிற்காலத்தில் தன் ஜீப்புகளில் டீசல் என்ஜின் பொருத்தியது உண்மை. எனினும் பெஜோ டீசல் என்ஜினை எம்எம்-540 ஜீப்பில் வைத்தபோது நான்கு வேகக் கியர்பாக்ஸையும் உடன் வைத்தது. தொழிற்சாலையே முழுத்தொகுதியாகச் செய்த வேலையைப் பட்டறையில் பாதியாகச் செய்வானேன்?

ஒரே பெயரைத் தாங்கிய பெட்டிகளும் ஒன்றல்ல என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். போர்க்கால வில்லிஸில் இருந்தது டி-84 கியர்பாக்ஸ். 1945-இல் பொதுமக்களுக்கென வந்த ஜீப்பிலேதான் டி-90 புகுந்தது. ஸ்பைசர்-18 பெட்டியின் நடுத்தண்டோ, வில்லிஸ் வண்டிகளில் முதலில் முக்கால் அங்குலமாகவும், பிறகு ஒன்றேகால் அரைக்கால் எனத் தடுமாற வேண்டாத வகையில் சொன்னால் 1.125 அங்குலமாகவும், பிறகு 1.25 அங்குலமாகவும் பருத்தது. கியர்பாக்ஸிலிருந்து டிரான்ஸ்பர் கேஸுக்குள் நீளும் பற்சக்கரத்திலும் 26 பல் உண்டு, 29 பல் உண்டு. பல்லை எண்ணாமல், தண்டை அளவாமல் "ஜீப் சாமான்" என்று மட்டும் சொல்லி அனுப்பினால், மூன்று நாள் கடல் கடந்து வந்த பெட்டியைத் திறந்தபின் பொருந்தாமை தெரியவரும். மறு கப்பலுக்குக் காத்திருக்கும் வாரங்களில் தேங்காய் தோட்டத்திலேயே கிடக்கும். மூன்றையும் ஒரே வண்டியிலிருந்து ஒன்றாக வாங்கச் சொல்வது இதனாலேயே.

நிற்க. ஏற்றும் வேலைக்கு வருவோம்.

முதலில் பார்க்க வேண்டியது என்ஜினை அன்று, சேஸிஸை. ஆண்டுக்கு ஏறக்குறைய 3000 மி.மீ. மழையும் ஓயாத உப்புக்காற்றும் உள்ள ஊர் இது. கியர்பாக்ஸைத் தாங்கும் குறுக்குச்சட்டத்தையும் வில்பட்டை தொங்கும் இடங்களையும் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலித்தால் நன்று. பொத்தென்று ஒலித்தால், துரு தின்ற அச்சட்டத்தை மாற்றும் வரை வேறு வேலை தொடங்க வேண்டா. அடுத்து பாட்டரி இணைப்பையும் பெட்ரோல் குழாயையும் கழற்றிவிடுக. மூன்றும் சேர்ந்தால் நாலைந்து ஆள் கைகொடுத்துத் தூக்கும் சுமையன்று. செயின் பிளாக்கும் அதனைத் தாங்கும் உறுதியான உத்திரமும் வேண்டும். மாமரக்கிளையில் சங்கிலி கட்டுவோரைக் கண்டிருக்கிறேன்; அவர்களை நண்பர்களாகக் கொள்ளலாம், மெக்கானிக்காகக் கொள்ளலாகாது. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் எவரும் படுக்கலாகாது. முட்டுக்கட்டை இன்றி நழுவிய வண்டி மன்னிப்பதில்லை.

என்ஜினோடு கியர்பாக்ஸைச் சேர்க்கும் இடமே வேலையின் உயிர்நிலை. கிளட்ச் தட்டின் நடுவும் பிளைவீல் நடுவும் ஒரே நேர்க்கோட்டில் நிற்க வேண்டும். பழைய கியர்பாக்ஸின் முன்தண்டு ஒன்று கிடைத்தால் அதைச் செருகித் தட்டை நடுவாக்கிய பிறகே கிளட்ச் போல்ட்டுகளை முடுக்குக. பிளைவீல் நடுவில் உள்ள சிறு வெண்கலப் புஷ்ஷுக்கு எண்ணெய் இட மறவாதீர். கியர்பாக்ஸைக் கொண்டுவந்து செருகும்போது அதன் சுமை முழுவதும் கிளட்ச் தட்டின்மேல் தொங்கலாகாது. தொங்கினால் தட்டு கோணும். இரண்டு நீண்ட போல்ட்டுகளின் தலையை வெட்டி வழிகாட்டிகளாக நிறுத்தினால் பெட்டி நேராக வழுக்கிவரும். கையால் தள்ளிச் சேராத பெட்டியைப் போல்ட்டை முடுக்கி இழுப்பது பெரும்பிழை. ஹவுசிங் விரிசலுறுவது அவ்வாறே. ஹவுசிங்கே கோணியிருப்பதும் உண்டு; டயல் கேஜ் வைத்துச் சுற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். அக்கோணல் இருந்தால் வண்டி ஓடுகையில் கியர் தானே கழன்று விழும்.

இதனை ஏன் இத்துணை வலியுறுத்துகிறேன் எனில், ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து (2024 வரை போர்ட் பிளேர்) வடக்கே செல்லும் நம் பெருஞ்சாலை ஜிர்காடாங்கைக் கடந்ததும் ஜாரவா மக்களின் காப்புப் பகுதிக்குள் நுழைகிறது. மிடில் ஸ்ட்ரெயிட் துறை வரை ஏறக்குறைய 50 கி.மீ. வண்டிகள் குறித்த நேரத்தில் அணியாகவே செல்லவேண்டும்; முந்தலாகாது, இடையில் நிறுத்தலாகாது. கியர் கழலும் வண்டி நின்றுவிட்டால் பின்னால் வரும் அணி முழுவதற்கும் இடர். அம்மக்களின் அமைதிக்கும் இடர்.

எண்ணெய் பற்றி ஒரு சொல். டி-90 பெட்டிக்கும் டிரான்ஸ்பர் கேஸுக்கும் இடையே எண்ணெய் கடந்து செல்லும் வழிகள் உண்டு. ஆகையால் இரண்டையும் ஒன்றாக வடித்து, இரண்டிலும் தனித்தனியே நிரப்பி, சிறிது தூரம் ஓட்டியபின் இரண்டையும் மீண்டும் பார்க்கவேண்டும். கியர்பாக்ஸினுள் பித்தளை வளையங்கள் இருப்பதால், பித்தளைக்குத் தீங்கு செய்யாத எண்ணெயெனக் கேட்டு வாங்குக. ஜாயிண்ட் ராடைப் பூட்டும்போது அதன் இரு முனைக் கவைகளும் ஒரே தளத்தில் நிற்கின்றனவா என்று நோக்குக. மாறி நின்றால் வண்டி நடுங்கும்.

சட்டமும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றுக்கு மாறும் வகையில் வண்டியை மாற்றலாகாது. 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றமும் இதனை உறுதி செய்தது. ஆதலின் வேறு இன டீசல் என்ஜினை வாங்கிக் கப்பலேற்றிவிட்டு அனுமதிக்கு அலைவது தலைகீழ் வேலை. போக்குவரத்து அலுவலகத்தில் முதலில் கேட்டு, எழுத்தில் இசைவு பெற்றபின் பணத்தை எடுங்கள். விற்பவரிடம் என்ஜின் எண்ணுக்குரிய பத்திரங்களைக் கேளுங்கள். மாற்றியபின் 14 நாட்களுக்குள் தெரிவித்துச் சான்றிதழில் புது எண்ணை ஏற்றிக்கொள்ளுங்கள். 50 ஆண்டைக் கடந்த வண்டிகளைப் பழம்பெரும் வண்டிகளாகப் பதிய 2021-இல் விதி வந்தது. என்ஜினை உருமாற்றிய வண்டிக்கு அப்பேறு இல்லை. தந்தையார் நினைவாக வண்டியைப் பேண விரும்பும் அன்பர் இதனையும் எண்ணிப்பார்ப்பாராக.

வேலை முடிந்தபின் வறண்ட தார்ச்சாலையில் நான்கு சக்கர இழுவையைப் போட்டுச் சோதிக்க வேண்டா. முன்னும் பின்னும் ஒரே சீராகச் சுழலுமாறு பூட்டப்பட்ட வண்டி அது. வளைவில் சக்கரம் வழுக்க இடமில்லாவிடில் தண்டுகள் முறுக்கேறும். சேற்றிலோ மணலிலோ மட்டும் சோதியுங்கள். தாழ்நிலைக்குப் போகுமுன் முன் ஆக்சிலை இணைத்துக்கொள்ளுங்கள். முதல் 500 கி.மீ. சுமையின்றி உள்ளூரிலேயே ஓட்டி, என்ஜின் பிடிகளையும் ஹவுசிங் போல்ட்டுகளையும் மறுபடி முடுக்கி, எண்ணெய் அளவை ஒருமுறை பாருங்கள். அதுவரை வண்டியை ஜிர்காடாங் பக்கம் திருப்ப வேண்டா.