அபாயமில்லாத பரிசோதனைக்கு அபராதமா?

அனுமதி பெற்ற ஆய்வுக்கூடத்துக்கு வெளியே மரபணு மாற்றம் செய்வோருக்கு 50,000 யூரோ வரை அபராதம் என்றும், மாற்றிய உயிரை வெளியே பரவவிட்டால் மூன்றாண்டு வரை சிறை என்றும், 2017 ஜனவரியில் ஜெர்மன் அதிகாரிகள் விடுத்த எச்சரிக்கையை, அதன் அநியாயம் விளங்கிய பின்னரும் மறுபரிசீலனை செய்ய அவர்கள் முன்வராதது மிகவும் வருந்தத்தக்கது.

எச்சரிக்கைக்கு ஆதாரமான சட்டம் 1990-ல் இயற்றப்பட்டது. மரபணு வேலைகளை நான்கு படிகளாக வகுக்கும் அச்சட்டம், முதற்படியில் அடங்குபவற்றால் மனிதருக்கோ சுற்றுப்புறத்துக்கோ அபாயம் விளையாது என்று தன் வாயாலேயே ஒப்புக்கொள்கிறது. தபாலில் வரும் பரிசோதனைப் பெட்டியைக் கொண்டு, தீங்கற்ற ஆய்வுக்கூட வகை ஈ.கோலை பாக்டீரியாவில் ஆர்வலர்கள் செய்யும் சிறு மாற்றம் இம்முதற்படியைச் சேர்ந்ததே. அதற்கும் பதிவு செய்த கூடம் வேண்டுமாம். விஞ்ஞானப் பட்டமும் மரபணுத் துறையில் மூன்றாண்டு அனுபவமும் உடைய ஒரு தலைவர் வேண்டுமாம். உயிரியல் பாதுகாப்புக்கென்று தனிப் பொறுப்பாளரும் வேண்டுமாம். பட்டமும் அனுபவமும் இல்லாதவன் கூடம் அமைக்க முடியாது. கூடம் இல்லாதவன் அனுபவம் பெற முடியாது. பெருநிறுவனங்களும் பல்கலைக்கழகங்களும் எளிதில் நிறைவேற்றும் இந்நிபந்தனைகள், மாலை வேளையில் ஓர் அறையில் கூடிக் கற்க விரும்பும் சாதாரணப் பிரஜைகளுக்கு அடைத்த கதவுகளேயாகும். அபாயம் இல்லையென்று சட்டமே கூறும் ஒரு செயலுக்கு அச்சட்டமே தண்டனையும் விதிப்பது எந்த நியாயம்?

2017 மார்ச் மாதத்தில் இத்தகைய சில பெட்டிகளில் நோய்க் கிருமிகள் கண்டுபிடிக்கப்பட்டதைக் காட்டி, அதிகாரிகளின் செயல் சரியென்று வாதிப்போர் உண்டு. அக்கிருமிகள் தயாரிப்பின் அசுத்தத்தால் வந்தவை. ஆர்வலரின் பரிசோதனையால் பிறந்தவை அல்ல. பாலில் கலப்படம் கண்டால் விற்றவனைப் பிடிக்க வேண்டுமேயன்றி, வீட்டில் தயிருக்கு உறை ஊற்றுவதைக் குற்றமாக்கலாகாது.

ஜெர்மன் அதிகார வர்க்கத்தின் பூர்வ சரித்திரமும் நம்பிக்கை தருவதாயில்லை. மரபணு மாற்றிய பாக்டீரியாவைக் கொண்டு மனித இன்சுலின் தயாரிக்க ஃபிராங்ஃபர்ட்டில் ஹெக்ஸ்ட் நிறுவனம் 1984-ல் அனுமதி கோரிற்று. தயக்கத்திலும் தகராறிலும் ஆண்டுகள் கழிந்தன. இதற்கென ஒரு சட்டம் இல்லையென்று 1989-ல் நீதிமன்றம் வேலையை நிறுத்திற்று. உற்பத்தி தொடங்கியது 1998-ல்தான். அதுகாறும் அதே முறையில் அயல்நாட்டில் செய்த இன்சுலினை ஜெர்மன் நோயாளிகள் ஊசியில் ஏற்றிக்கொண்டிருந்தனர். மெய்யாகவே கொடிய ஈ.கோலை 2011-ல் ஐம்பதுக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனபோதோ, ஸ்பெயின் தேசத்து வெள்ளரிக்காயே காரணமென்று அதிகாரிகள் அவசரப்பட்டு அறிவித்து, அந்நாட்டு விவசாயிகளின் விளைச்சல் வீணாகக் காரணமாயினர். குற்றம் முளைகட்டிய விதைகளில் இருந்தது பின்னரே தெரியவந்தது. அஞ்ச வேண்டிய இடத்தில் ஆராயாமலும், ஆராய வேண்டிய இடத்தில் அஞ்சியும் காரியம் கெடுத்தவர்கள் இன்று கற்க வருவோரைச் சிறையைக் காட்டி மிரட்டுகிறார்கள்.

நியூயார்க்கில் 2010 முதல் பொதுமக்களுக்கான உயிரியல் கூடம் ஒன்று பகிரங்கமாக நடந்து வருகிறது. ஜெர்மன் அதிகாரிகள் தங்கள் எச்சரிக்கையை உடனே திரும்பப் பெற்று, அபாயத்தின் அளவுக்கு ஏற்ற விதிகளை, ஆர்வலர்களையும் அழைத்து வைத்துக்கொண்டு வகுக்க வேண்டும்.