இழைக்குக் காற்று ஆகாது, ஆளுக்கு?

ஆரணிப் பட்டு என்றால் தெரியாத வீடு உண்டா? கல்யாணம், காதுகுத்து, சீமந்தம் எதுவானாலும் ஆரணிப் புடவை ஒன்று இருக்கும். ஆனால் அந்தப் புடவை நெய்யும் வீட்டுக்குள்ளே மூச்சு விடும் காற்று எப்படி இருக்கிறது என்று யாராவது கேட்டது உண்டா?

திருவண்ணாமலை மாவட்டத்தில், கமண்டல நாகநதிக் கரையில் இருக்கிறது ஆரணி. பட்டுக்கும் பெயர் போனது. அரிசிக்கும் பெயர் போனது. தேவிகாபுரம், ஒண்ணுபுரம் என்று சுற்றுப்பக்க ஊர்களிலும் தறிச் சத்தம் கேட்கும்.

இங்கே நெசவாளிக்கு வீடு வேறு, வேலை செய்யும் இடம் வேறு அல்ல. கூடத்தில் குழி வெட்டித் தறி போட்டிருக்கும். புருஷன் குழியில் காலை விட்டு நெய்வார். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து தார் சுற்றுவார். அடுத்த அறையில் அடுப்பு. தறிக்குப் பக்கத்திலேயே குழந்தை தூங்கும். ஒரு நாளில் முக்கால்வாசி நேரம் நாலு பேரும் அந்தக் கூரைக்கு அடியில்தான்.

ஆகவே அந்தக் கூரைக்கு அடியில் இருக்கும் காற்று சாதாரண விஷயம் அல்ல. அதுதான் அவர்களுடைய ஆரோக்கியம்.

ஏன் மூடுகிறார்கள்?

தறி வீட்டில் ஜன்னலைத் திறக்கச் சொன்னால், "திறந்தால் பாவு என்ன ஆவது?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது.

பட்டு இழை மிக மெல்லியது. காற்று அடித்தால் பறக்கும். பக்கத்து இழையோடு சிக்கும். காய்ந்து போனால் 'பட்'டென்று அறும். அறுந்த இழையைத் தேடிப் பிடித்து முடி போட வேண்டும். ஒரு பாவில் ஆயிரக்கணக்கான இழைகள். கூலியோ புடவைக் கணக்கு. மணிக் கணக்கு அல்ல. முடி போடும் நேரத்துக்கு யார் கூலி கொடுப்பார்கள்?

அதனால்தான் கதவைச் சாத்துகிறார்கள். மின்விசிறியையும் நிறுத்தி விடுகிறார்கள். மண் தரையின் ஈரம் இழையைப் பதமாக வைக்கும் என்பதற்காகவே குழித்தறி போட்டார்கள் என்றும் சொல்லலாம். பெரியவர்கள் விவரம் தெரியாதவர்கள் அல்ல.

ஆனால் அந்தப் பெரியவர்கள் இருந்தது ஓட்டு வீட்டில். ஜன்னலைச் சாத்தினாலும் ஓட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவே சந்து இருந்தது. சூடான காற்று மேலே ஏறும். அந்தச் சந்து வழியாக வெளியே போய்விடும். நடுவில் முற்றம் இருந்தால் கேட்கவே வேண்டாம். மூடிய வீடும் மூச்சு விட்டது.

இன்று அந்த ஓட்டு வீட்டை இடித்து விட்டுக் காங்கிரீட் வீடு கட்டுகிறோம். மழைக்கு ஒழுகாது, பாம்பு, தேள் பயம் இல்லை. நல்லதுதான்! ஓட்டு வீட்டுக்கே திரும்பிப் போங்கள் என்று சொன்னால் அது பைத்தியக்காரத்தனம். ஆனால் காங்கிரீட்டில் சந்து கிடையாது. அந்த வீட்டிலும் பழைய வழக்கப்படி ஜன்னலைச் சாத்தினால் என்ன ஆகும்? வீடு டப்பா ஆகிவிடும்!

குளிர் நாட்டுக் கதை

நம்மைப் போலவே மேல்நாட்டுக்காரர்களும் ஒரு முறை வீட்டை டப்பா ஆக்கினார்கள்.

1973-ல் பெட்ரோலிய எண்ணெய் விலை தாறுமாறாக ஏறியது. அங்கே குளிர் காலத்தில் வீட்டைச் சூடாக்க எண்ணெய் வேண்டும். சூடு வெளியே போகாமல் இருக்கச் சந்து பொந்துகளை எல்லாம் அடைத்தார்கள். பெரிய அலுவலகக் கட்டிடங்களில் திறக்கவே முடியாத ஜன்னல் வைத்தார்கள். செலவு குறைந்தது. கொஞ்ச நாளில் உள்ளே வேலை செய்தவர்களுக்குத் தலைவலி, கண் எரிச்சல், தொண்டை வறட்சி, அசதி. வீட்டுக்குப் போனால் சரியாகிவிடும். 1980-களில் உலக சுகாதார நிறுவனமே இதைப் பற்றிப் பேசியது. 'நோயாளிக் கட்டிடம்' என்று அதற்குப் பெயரும் வந்தது.

அமெரிக்காவில் காற்று வசதிக்கு விதி எழுதும் பொறியாளர் சங்கம், ஓர் ஆளுக்கு நிமிடத்துக்குக் குறைந்தது 5 கன அடி வெளிக்காற்று போதும் என்று 1981-ல் சொல்லியிருந்தது. 1989-ல் அதையே 15 கன அடியாக உயர்த்தியது. அதாவது, மூன்று மடங்கு! மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று மூச்சைப் பிடித்தார்கள், பிறகு விட்டார்கள்.

உள்ளே என்ன இருக்கிறது?

முதலில், நாம் விடும் மூச்சு. அதில் கரியமில வாயு இருக்கிறது. காற்றில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மேல் கரியமில வாயு சேர்ந்தால் அந்த அறைக் காற்று கெட்டுவிட்டது என்று ஜெர்மனியில் மியூனிக் நகரத்து மருத்துவப் பேராசிரியர் பெட்டன்கோஃபர் 1858-லேயே சொன்னார். இன்றைக்கும் பலர் அந்தக் கணக்கைத்தான் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். மூடிய அறையில் நாலு பேர் படுத்தால் விடிவதற்குள் அந்த அளவைத் தாண்டிவிடும். காலையில் எழும்போது தலை பாரமாக இருக்கிறதே, காரணம் புரிகிறதா?

இரண்டாவது, அடுப்புப் புகை. வீட்டுக்குள் எரியும் விறகு, கரி, சாணி வறட்டிப் புகையால் 2020-ம் ஆண்டில் உலகத்தில் சுமார் 32 லட்சம் பேர் இறந்தார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. இதில் பாவம், பெண்களும் குழந்தைகளும்தான் அதிகமாகப் புகை குடிப்பவர்கள்.

இந்த விஷயத்தில் நம் பக்கத்து மாவட்டமே உலகத்துக்குப் பாடம் ஆகியிருக்கிறது. கள்ளக்குறிச்சி, நாகப்பட்டினம் பகுதிகளில் கர்ப்பிணிப் பெண்களை வைத்து 2018 முதல் ஓர் ஆராய்ச்சி நடந்தது. குவாத்தமாலா, பெரு, ருவாண்டா நாடுகளிலும் அதே ஆராய்ச்சி நடந்தது. மொத்தம் 3,200 பெண்கள். பாதிப் பேருக்கு கேஸ் அடுப்பு கொடுத்தார்கள். மீதிப் பேர் விறகு அடுப்பிலேயே சமைத்தார்கள். 2022-ல் முடிவு வெளிவந்தது. விறகு அடுப்புக்காரர்கள் சுவாசித்த காற்றில் ஒரு கன மீட்டருக்கு நுண்தூசி சராசரி 103 மைக்ரோகிராம். கேஸ் அடுப்புக்காரர்களுக்கு 35. மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது!

ஆனால் பிறந்த குழந்தைகளின் எடையில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வருஷ சராசரி அளவு 5 மைக்ரோகிராம்தான். 35-ம் அதற்கு ஏழு மடங்கு ஆயிற்றே! கேஸ் அடுப்பு வந்ததும் எல்லாம் முடிந்துவிட்டது என்று சமையல்கட்டு ஜன்னலை அடைக்கக் கூடாது. வடை சுட்டால் வரும் எண்ணெய்ப் புகைக்கும் வழி வேண்டும்.

மூன்றாவது, கொசுவர்த்திச் சுருள். ஒரு சுருள் எரிந்து முடிந்தால் 75 முதல் 137 சிகரெட் வரை விடும் அளவு நுண்தூசி வருகிறது என்று 2003-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி சொன்னது. சிகரெட் பிடித்தால் மாப்பிள்ளையைத் திட்டுகிறோம். குழந்தையின் தலைமாட்டில் சுருளைக் கொளுத்தி வைத்து ஜன்னலையும் சாத்துகிறோம்! கொசுவுக்கு வலை கட்டுங்கள். ஜன்னலுக்குக் கம்பி வலை அடியுங்கள். மாதம் ஒரு முறை அதைத் தட்டிக் கழுவுங்கள். தூசி அடைத்த வலையில் காற்று நுழையாது.

நான்காவது, தொற்று நோய். காச நோய் காற்றில் பரவுவது. மூடிய அறையில் ஒருவர் இருமினால் அந்தக் கிருமி மணிக்கணக்கில் அங்கேயே மிதக்கும். பெரு நாட்டு லிமா நகரத்து மருத்துவமனைகளில் அளந்து பார்த்து 2007-ல் வெளியிட்டார்கள். உயரமான கூரையும் பெரிய ஜன்னலும் வைத்து 1950-க்கு முன்பு கட்டிய வார்டுகளில்தான், இயந்திரம் வைத்துக் காற்றோட்டம் செய்த புதிய அறைகளைவிடக் காற்று வேகமாக மாறியது. கொரோனா காலத்தில், 2021 மே மாதம், மத்திய அரசின் தலைமை அறிவியல் ஆலோசகர் அலுவலகமும் ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்றுதான் அறிவுரை வெளியிட்டது. நாம் முகக்கவசத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டோம்.

சாயப் பட்டறை வைத்திருக்கும் வீடுகளைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். பட்டைச் சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்க வைத்துப் பசை எடுக்கும் இடத்தில் ஆவியும் புகையும் சேர்ந்தே கிளம்பும். அதைப் படுக்கும் வீட்டோடு ஒட்டி வைப்பது சரியே அல்ல என்பது என் அபிப்பிராயம்.

ஏ.சி. வைத்தால்?

கொஞ்சம் வசதி வந்தவர்கள் ஏ.சி. வைக்கிறார்கள். சுவரில் மாட்டும் ஏ.சி. வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. இருக்கும் காற்றையே குளிர வைத்துத் திருப்பித் திருப்பி விடுகிறது. குளிர்ந்த காற்று வேறு. நல்ல காற்று வேறு. படுக்கும் முன் கொஞ்ச நேரமும் எழுந்ததும் கொஞ்ச நேரமும் ஜன்னலைத் திறந்து வைத்தால் கரண்டு பில் ஏறிவிடாது.

விதியே சொல்கிறது

மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் வீடு என்றால் இறுக்கி மூடிய வீடு என்று பலர் நினைக்கிறார்கள். அது தப்பு. மத்திய அரசின் மின்சக்தி அமைச்சகம் 2018-ல் 'ஈக்கோ நிவாஸ் சம்ஹிதா' என்று வீடுகளுக்கு ஒரு விதி நூல் வெளியிட்டது. மின்சாரம் மிச்சம் பிடிப்பதற்கென்றே எழுதிய நூல். வெப்பமும் ஈரமும் சேர்ந்த ஊர்களில், தரைப் பரப்பில் ஆறில் ஒரு பங்காவது திறக்கக்கூடிய வாசலும் ஜன்னலும் இருக்க வேண்டும் என்கிறது அது. தமிழ்நாட்டுச் சமவெளி பெரும்பாலும் இந்த வகைதான்.

அந்தக் கணக்கைத் தறிக் கூடத்துக்குப் போட்டுப் பார்ப்போம். பதினெட்டு அடிக்குப் பத்து அடி கூடம். 180 சதுர அடி. ஆறில் ஒரு பங்கு 30 சதுர அடி. ஏழு அடிக்கு மூன்று அடி வாசல் 21. மூன்றுக்கு மூன்று ஜன்னல் 9. சரியாகப் போயிற்று!

ஒன்றைக் கவனிக்க வேண்டும். திறக்கும் பரப்புத்தான் கணக்கு. இழுத்துத் தள்ளும் கண்ணாடி ஜன்னலில் ஒரு சமயத்தில் பாதிதான் திறக்கும். பார்க்க அழகாக இருக்கிறது என்று அதை வைத்தால் ஒன்பது சதுர அடி நாலரை ஆகிவிடும். மேஸ்திரி சொன்னாலும் கேட்காதீர்கள். இரட்டைக் கதவு ஜன்னலே நல்லது.

இழையும் பிழைக்க வேண்டும்

சரி, பாவு என்ன ஆவது? கேள்வி அப்படியே நிற்கிறது.

பாவு இருப்பது தரையை ஒட்டி. குழித்தறியில் முழங்கால் உயரம், இடுப்பு உயரம். காற்று அந்த உயரத்தில் வீசினால்தான் இழைக்கு ஆபத்து. தலைக்கு மேலே போனால் ஆபத்து இல்லை. ஆகவே தறிக் கூடத்தில் கூரையை ஒட்டி, எதிர் எதிர்ச் சுவர்களில் வென்டிலேட்டர் வைக்க வேண்டும். ஒரு சுவரில் மட்டும் வைத்தால் போதாது. காற்று நுழைய ஒரு வழி, போக ஒரு வழி வேண்டும். நெய்யும்போது கீழ் ஜன்னலைச் சாத்திக்கொள்ளுங்கள். மேல் துவாரம் திறந்தே இருக்கட்டும். சாப்பாட்டு நேரத்தில் பாவின் மேல் துணியைப் போட்டு மூடிவிட்டு எல்லாவற்றையும் திறந்து விடுங்கள்.

கோடையில் இழை காய்ந்தால் தரையில் தண்ணீர் தெளிக்கலாம். மழைக் காலத்திலோ குழியிலேயே தண்ணீர் ஊறுகிறது. அப்போது ஈரத்தை வெளியே அனுப்பக் காற்று வேண்டும். இல்லாவிட்டால் சுவரில் பூஞ்சை பிடிக்கும். இளைப்பு உள்ளவர்களுக்கு அது ஆகவே ஆகாது.

அரிசி ஆலைச் சாம்பல் பறக்கும் தெருவிலோ, குப்பை கொளுத்தும் நேரத்திலோ அந்தப் பக்கத்து ஜன்னலைக் கொஞ்ச நேரம் சாத்திக்கொள்வது தப்பு இல்லை. ஆனால் அதற்காக வருஷம் முழுவதும் சாத்த வேண்டாம்.

வீடு கட்டவும் தறிக்கூடம் கட்டவும் அரசு உதவி கொடுக்கிறது. பணம் கொடுக்கும் அதிகாரிகள் சுவரை அளக்கிறார்கள், தரையை அளக்கிறார்கள். எதிர் எதிரே இரண்டு மேல் துவாரம் இருக்கிறதா என்று பார்த்து விட்டுத்தான் கடைசித் தவணையைக் கொடுப்பது என்று உத்தரவு போட்டால் என்ன? நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களும் இதைக் கேட்டு வாங்க வேண்டும்.

ஏற்கனவே கட்டிய வீட்டுக்கு என்ன செய்வது? சமையல்கட்டுச் சுவரின் மேல் பக்கம் காற்றை வெளியே தள்ளும் சின்ன விசிறி ஒன்று மாட்டலாம். புகையை வெளியே இழுக்கும். பாவின் மேல் வீசாது. 40 வாட் விசிறி தினம் எட்டு மணி நேரம் ஓடினாலும் இரண்டு மாதத்துக்கு ஆகும் மின்சாரம் 19 யூனிட் சொச்சம்தான். கைத்தறி நெசவாளர்களுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கொடுக்கும் மின்சாரத்தைத் தமிழ்நாடு அரசு 2023-ல் 200 யூனிட்டிலிருந்து 300 யூனிட்டாக உயர்த்தியது. அதிகமாகக் கிடைத்த நூறு யூனிட்டில் ஐந்தில் ஒரு பங்குகூட இந்த விசிறிக்குச் செலவாகாது.