ரசிகர் மகாநாடும் நமது வாலிபர்களும்

நமது ராதாபுரம் தாலூகாவிலிருந்து வாலிபர்கள் பலர் சினிமா நடிகர்களைப் பார்ப்பதற்கென்று வேன் பிடித்துக்கொண்டு மதுரைக்கும், விழுப்புரம் பக்கத்திற்கும், சென்னைக்கும் போய் வருவதைக் குறித்து ஊர்ப் பெரியவர்கள் தலையிலடித்துக் கொள்ளுகிறார்கள். "கூத்தாடி பின்னால் போய்க் கெட்டான்" என்பது அவர்களுடைய தீர்ப்பு. இந்தத் தீர்ப்பை நாம் ஒப்புக்கொள்ளுவதற்கில்லை. ஏனென்றால், அப்படிச் சொல்லுகிற பெரியவர்களில் அநேகர் ஆடி அமாவாசைக்குப் பெண்டு பிள்ளைகளோடு காரையாறு சொரிமுத்தையனார் கோவிலுக்குப் போய்க் காட்டில் குடில் போட்டுக் கிடந்து, கடன் வாங்கிக் கிடாய் வெட்டி வருகிறவர்களே. தகப்பன் கல்லைப் பார்க்கக் கடன் வாங்கலாம், மகன் மனிதனைப் பார்க்கக் காசு செலவழிக்கக் கூடாது என்றால் இதில் என்ன நியாயமிருக்கிறது என்று கேட்கின்றோம். மனிதனாவது என்றைக்காவது ஒருநாள் பதில் சொல்லக்கூடும்.

தவிரவும், இந்தப் பிரயாணத்தில் ஒரு நன்மையும் உண்டு. வள்ளியூரில் ரயிலேறி ஏறக்குறைய 700 கிலோமீட்டர் போய்ச் சென்னையில் இறங்குகிற நமது வாலிபனை அங்கே யாரும் "நீ எந்தத் தெரு?" என்று கேட்பதில்லை. நம்மூரில் இந்த ஒரு கேள்விக்குச் சொல்லும் பதிலில் அவன் மரியாதையே அடங்கியிருக்கிறது. வழி தெரியாமல் நின்று, விசாரித்து, ஏமாந்து, யாரோ ஒருவர் வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்துத் திரும்பி வருகிறவன், போகும்போது இருந்ததைவிடக் கொஞ்சம் விசாலமாகத்தான் வருகிறான். ஆனால் ஊர் திரும்பியதும் மன்றப் பலகையைத் தெருவுக்கு ஒன்றாக மாட்டிக்கொள்ளுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி இன்னொரு சமயம் எழுதுவோம்.

நிற்க, அத்தனை தூரம் போனவனுக்கு அங்கே என்ன வேலை என்பதே நமது கேள்வி. 2017-ம் வருஷம் டிசம்பர் 26 முதல் 31 வரை கோடம்பாக்கம் ராகவேந்திரா கல்யாண மண்டபத்தில் நடிகர் ரஜினிகாந்த் தமது ரசிகர்களைச் சந்தித்தார். ஜில்லா ஜில்லாவாக வரிசையில் போய்ப் பக்கத்தில் நின்று படமெடுத்துக்கொண்டார்கள். கடைசி நாளன்று அரசியலுக்கு வருவது உறுதி என்றார்; கரகோஷம் வானத்தைப் பிளந்தது. 2020 டிசம்பர் 29-ல் உடல்நிலையை முன்னிட்டு வரவில்லை என்றார். 2021 ஜூலை 12-ல் மக்கள் மன்றமும் கலைக்கப்பட்டது. அவர் தமது உடம்பைப் பார்த்துக்கொண்டதை நாம் குற்றம் சொல்லமாட்டோம். உயிரை விட்டு அரசியல் செய்யும்படி யாரையும் கேட்கக்கூடாது. ஆனால் வருகிறேன் என்றபோதும், வரவில்லை என்றபோதும், கலைத்துவிட்டேன் என்றபோதும் ரசிகனை யாராவது அபிப்பிராயம் கேட்டார்களா? மூன்று வருஷம் சுவரெழுதி, ரத்ததானம் செய்து, கைக்காசைப் போட்டவனுக்கு அதில் ஒரு வோட்டு உண்டா? 2011 ஏப்ரலில் தமது மன்றங்களைத் தாமே கலைத்த அஜித் குமாரின் காரியம் நமக்கு இதைவிட யோக்கியமாகத் தோன்றுகிறது. அவர் எதையும் வாக்களிக்காமலே "உங்கள் வேலையைப் பாருங்கள்" என்கிற அர்த்தத்தில் நடந்துகொண்டார்.

நமது வாலிபன் தான் காட்சி பார்க்கப் போவதாக நினைத்துக்கொண்டிருக்கிறான். வாஸ்தவத்தில் அவன்தான் அங்கே காட்சிப் பொருள். 2024 அக்டோபர் 27-ல் விக்கிரவாண்டியிலும், 2025 ஆகஸ்ட் 21-ல் மதுரையிலும் நடிகர் விஜயின் கட்சி மகாநாடுகள் நடந்தன. பெயர் கட்சி மகாநாடென்றாலும் அஸ்திவாரம் ரசிகர் மன்றந்தான். மறுநாள் டீக்கடையில் நாம் கேட்ட பேச்செல்லாம் எத்தனை லட்சம் தலைகள் என்பதுதான். அங்கே நிறைவேறிய தீர்மானங்களில் ஒன்றைக்கூடச் சொல்லத் தெரிந்தவர் அங்கே இல்லை. ஆகாயத்தில் கேமரா பறந்தது மேடையைப் படமெடுக்க மட்டுமல்ல, தலைகளைப் படமெடுக்கவுந்தான். அந்தத் தலைகளுக்கு என்ன விலை என்பதை நம்மூர்க்காரருக்குச் சொல்லிக் காட்ட வேண்டியதில்லை. 2016-ல் நமது ராதாபுரம் தொகுதி 49 வோட்டு வித்தியாசத்தில் முடிவாயிற்று. ஒரு பஸ்ஸில் ஏறுகிற ஆட்கள்! தன் தலைக்கு இவ்வளவு கிராக்கி இருப்பது தெரியாமல், அதைத் தன் செலவிலேயே வேனில் ஏற்றிக் கொண்டுபோய் ஒப்படைத்துவிட்டு வருகிறவனை என்னவென்று சொல்லுவது?

காசோடு போயிற்றென்றால் நாம் இவ்வளவு எழுதமாட்டோம். 2025 செப்டம்பர் 27-ல் கரூரில், பகலிலிருந்து இரவு வரை காத்துக் கிடந்த பிரசாரக் கூட்டத்தில் நெரிசல் ஏற்பட்டுக் குழந்தைகளும் பெண்களும் உட்பட 41 பேர் மாண்டார்கள். குற்றம் யாருடையது என்கிற விசாரணையைச் சுப்ரீம் கோர்ட்டு சி.பி.ஐ.யிடம் ஒப்புவித்தது, அதில் நாம் தலையிடவில்லை. மாண்டவர்களை "விதி" என்று சொல்லி மூடுகிறவர்களிடந்தான் நமக்குச் சண்டை. தண்ணீரும், வெளியே போக வழியும், குறித்த நேரத்துக்கு ஆரம்பமும் விதியின் கையில் இல்லை, மனிதர் கையில் இருக்கின்றன.

ஜனங்கள் கூடினால் இப்படித்தான் ஆகும் என்று சிலர் சொல்லக்கூடும். நமது தாலூகாவிலேயே 2011-ல் இடிந்தகரையில், கூடங்குளம் அணு உலையை எதிர்த்து மாதக்கணக்கில் ஜனங்கள் கூடினார்கள். அவர்கள் சொன்னது சரியா தப்பா என்பது வேறு விஷயம். ஆனால் மீன்காரப் பெண்கள் பந்தலில் உட்கார்ந்துகொண்டு, விஞ்ஞானிகளையும் மந்திரிகளையும் பார்த்துக் கேள்வி கேட்டார்கள். ரசிகர் கூட்டமென்றாலுங்கூட மந்தையாகத்தான் இருக்க வேண்டுமென்பதில்லை. 1939 ஜூலையில் நியூயார்க் நகரத்தில் விஞ்ஞானக் கதைகள் படிக்கிறவர்கள் முதல் உலக மகாநாடு கூட்டினார்கள். வந்தவர்கள் சுமார் 200 பேர்தான். கதை எழுதினவர்களும் படித்தவர்களும் ஒரே கூடத்திலிருந்து பேசினார்கள். ரசிகர்களுக்குள்ளேயே சண்டை வந்து சிலரை உள்ளே விடாமல் தடுத்ததும் உண்டு, அவர்களும் மனிதர்கள்தானே. ஆனாலும் சண்டை போடும்படியான அபிப்பிராயம் அவர்களுக்கு இருந்தது.

ஆகவே, அடுத்த மகாநாட்டுக்கு வேன் பேசுகிற தோழர்கள் முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் மன்றத் தலைவரிடம் சில சங்கதிகளைக் கேட்டுக்கொள்ள வேண்டுகிறோம். போன தடவை தலைக்கு வசூலித்த பணத்துக்குக் கணக்கு எங்கே? நாம் பேச அங்கே ஐந்து நிமிஷமாவது உண்டா? கூட்டம் எத்தனை மணிக்கு? கழிப்பிடம் எங்கே? நமது ஊரில் சினிமா பார்க்கிற பெண்கள் பாதிப்பேர் இருக்க, மன்றப் புஸ்தகத்தில் ஒரு பெண் பெயர்கூட ஏன் இல்லை?