கண்ணோர வலியும் மோர்பின் பற்றிய பயமும்

முற்றிய புற்றுநோய் கண்குழிக்குள் பரவும்போது நரம்புகள் அழுத்தப்பட்டு, தாங்க முடியாத வலி ஏற்படுகிறது. மார்பகப் புற்றுநோயிலும் இது நிகழ்வதுண்டு. ஆனால் 'மோர்பின் கொடுத்தால் போதைக்கு அடிமையாகிவிடுவார்' என அஞ்சி, நோயாளியைத் துடிக்கவிடும் குடும்பங்கள் நம்மிடையே இருக்கின்றன.

வலி கூடக்கூட வலுவான மருந்துக்கு மாற வேண்டும், அதை நேரம் தவறாமல் கொடுக்க வேண்டும் என உலக சுகாதார ஸ்தாபனம் 1986 இலேயே வழிகாட்டியது. வைத்தியரின் கண்காணிப்பில் வலிக்கேற்ற அளவில் கொடுக்கப்படும் மோர்பின் அடிமையாக்குவது அரிது. அதனால் வரும் மலச்சிக்கலுக்கும் மருந்துண்டு. நரம்பு வலிக்கு அமிட்ரிப்டிலின், கெபாபென்டின் போன்றவையும், கட்டியைச் சுருக்கக் கதிர்வீச்சுச் சிகிச்சையும் கைகொடுக்கும்.

கிழக்கின் கிராமமொன்றிலிருந்து மஹரகமவுக்கு அடிக்கடி போய்வர இறுதிக்கட்ட நோயாளிக்கு இயலாது. மோர்பினும், அதனைக் கையாளப் பயிற்சி பெற்ற வைத்தியர்களும் ஆதார வைத்தியசாலைகளிலேயே இருக்க வேண்டும். பொறுமை என்பது மருந்தை மறுப்பதல்ல.