தோள்வலியும் தொழில் காயமே

வெட்டுமரத்தில் ஒருவர் வழுக்கி விழுந்து கையை முறித்துக்கொண்டால் கிராணி உடனே புத்தகத்தில் எழுதுகிறார். அதே ஆள் ஆறு மாதமாகத் தோளைத் தூக்க முடியாமல் தவித்தால், "வயதாகிவிட்டது, தைலம் போடு" என்கிறார்கள். இந்தப் பாகுபாட்டை நாம் ஏற்பதற்கில்லை.

நாலு கேலன் வாளி நிறையப் பால் ஏறக்குறைய 18 கிலோ. இரண்டு வாளிக்கு 36. காண்டாக்கம்பு போய் மோட்டார் சைக்கிள் வந்த தோட்டங்களிலும், நிரையிலிருந்து பாதை வரையில் வாளி ஆள் கையில்தான் போகிறது. மேல்பட்டை வெட்டு இன்னும் மோசம். நீளப்பிடி உளியோடு 500 மரத்துக்கு அண்ணாந்து கை தூக்கினால், தோள் மூட்டைப் பிடித்திருக்கும் தசைநாண் மேலெலும்புக்கு அடியில் நசுங்கி நோகிறது. நாளடைவில் கிழியவும் கூடும். பிறகு தலை வாரக் கை எழும்பாது. அந்தப் பக்கம் சாய்ந்து படுத்தால் தூக்கமும் வராது.

தாமதிக்காவிட்டால் பெரும்பாலும் குணமாகும். புதிதாகப் பிடித்த வலிக்கு, துணியில் சுற்றிய ஐஸை 15 நிமிடம் வைத்தெடுக்கலாம். பாரம் தூக்குவதை நிறுத்த வேண்டும். அதற்காகக் கையை மாதக்கணக்கில் அசைக்காமல் வைத்திருந்தால் மூட்டு இறுகிவிடும். இனிப்புநீர் உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். குனிந்து நின்று கையைத் தொங்கவிட்டு மெல்ல ஆட்டி வருவது நல்லது. விழுந்தபின் கை எழும்பவில்லையென்றால் சுளுக்கெடுப்பவரிடம் போகாமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். தோள் வலியோடு நெஞ்சடைப்பும் வியர்வையும் வந்தால் மாரடைப்பாக இருக்கலாம். ஒரு நிமிடமும் காத்திருக்கக் கூடாது.

வலியை ஏன் மறைக்கிறார்கள்? நின்றால் கூலி போகிறது, அவ்வளவுதான். ஆனால் 1969ஆம் ஆண்டின் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம் விபத்தோடு தொழில்நோயையும் சேர்த்தே சொல்கிறது. டாக்டர் நான்கு நாளுக்குக் குறையாமல் விடுப்பு எழுதி, சொக்சோவும் அதைத் தொழில் காயமென்று ஏற்றால், சராசரி நாட்கூலியில் 80 விழுக்காடு உண்டு. ஏற்பதற்கு அத்தாட்சி வேண்டுமே! கிராணித் தோழர்களே, அது உங்கள் மேசையில் தொடங்குகிறது. தேதி, நிரை, செய்த வேலை மூன்றையும் முதல் புகாரன்றே எழுதுங்கள். தொழிலாளியும் டாக்டரிடம் "தோள் வலி" என்று மட்டும் சொல்லாமல், எத்தனை வாளி, எத்தனை மரம், எவ்வளவு காலமாக மேல்வெட்டு என்று சொல்லட்டும்.

நிர்வாகங்களிடம் நாம் கேட்பது அதிகமில்லை. மேல்வெட்டு நிரையை வருஷம் முழுதும் ஒரே ஆள் தலையில் கட்டாதீர்கள். வாளியைச் சிறிதாக்குங்கள். அதனால் நடை கூடும், நேரம் போகும். அந்த நேரத்துக்கும் கூலி கொடுங்கள்.