வலி போக்கும் 10 நிமிடம்... வேலை நேரத்திலேயே!

கழுத்து வலி, தோள்பட்டை வலி என்று டாக்டரிடம் போனால், மருந்துச் சீட்டோடு ஓர் அறிவுரையும் கிடைக்கும்: ‘தினமும் வீட்டில் கொஞ்சம் உடற்பயிற்சி செய்யுங்கள்.’ மூன்று நாள் நடக்கும். பிறகு சமையல், பிள்ளைகளின் வீட்டுப்பாடம், பஸ் நெரிசல் என்று பயிற்சி மறந்துபோகும். வலி மட்டும் நம்மை மறக்காது.

அதே பயிற்சியை வேலை நேரத்திலேயே செய்தால்?

டென்மார்க்கில் 3 மருத்துவமனைகளில் பணிபுரியும் 200 பெண்களிடம் இதைச் சோதித்தார்கள். எல்லோருக்கும் வாரத்துக்கு 5 முறை, 10 நிமிடப் பயிற்சி. ஒரு பிரிவினர் பணி நேரத்தில், சக ஊழியர்களோடு, பயிற்சியாளர் உதவியுடன் செய்தார்கள். இன்னொரு பிரிவினர் வீட்டில் தனியாகச் செய்தார்கள்.

10 வாரங்களுக்குப் பிறகு, பணியிடத்தில் செய்தவர்களுக்கே வலி அதிகமாகக் குறைந்திருந்தது. இத்தனைக்கும் அவர்களாலும் 5 முறை செய்ய முடியவில்லை. சராசரியாக வாரத்துக்கு 2 முறைதான். வீட்டில் செய்தவர்கள் 1 முறை. 2015-ல் இந்த முடிவுகள் வெளியாயின.

2 நிமிடம்கூட போதும்!

கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தே வேலைபார்ப்பவர்களுக்கும் அங்கே ஓர் ஆய்வு நடந்தது. எலாஸ்டிக் பேண்டின் நடுப்பகுதியைக் காலால் மிதித்துக்கொண்டு, இரு முனைகளையும் கைகளில் பிடிக்க வேண்டும். முழங்கையை லேசாக மடக்கி, கைகளைப் பக்கவாட்டில் தோள் உயரம்வரை தூக்கி, மெதுவாக இறக்க வேண்டும். அவ்வளவுதான். வாரத்துக்கு 5 நாள், தினமும் 2 நிமிடம் செய்தவர்களுக்கும் 10 வாரங்களில் கழுத்து, தோள் வலி குறைந்தது.

நம் நாட்டிலும் மத்திய ஆயுஷ் அமைச்சகம், அலுவலகத்தில் செய்வதற்கென 5 நிமிட யோகா பயிற்சியை ‘ஒய்-பிரேக்’ என்ற பெயரில் 2021-ல் செயலியாகவே வெளியிட்டது.

கவனம்: கை மரத்துப்போவது, பலம் குறைவது, கீழே விழுந்த பிறகு வந்த வலி என்றால், முதலில் டாக்டரைப் பாருங்கள். பயிற்சியின்போது வலி கூடினால் நிறுத்திவிடுங்கள்.

நிர்வாகம் என்ன செய்யலாம்?

‘நேரம் கிடைக்கும்போது செய்யுங்கள்’ என்றால் யாரும் செய்ய மாட்டார்கள். தினமும் ஒரு நேரத்தைக் குறித்து, மேலதிகாரியும் சேர்ந்து செய்யட்டும். தொடங்கும் முன், ஒவ்வொருவரின் வலிக்கும் 0 முதல் 10 வரை மதிப்பெண் கேட்டுக் குறித்துவையுங்கள். 10 வாரம் கழித்து மறுபடி கேளுங்கள். செலவிட்ட நேரம் வீணா, லாபமா என்பது தெரிந்துவிடும்.