வீட்டு வேலிக்கு அரளியா, களாவா?

கேள்வி: வீட்டு முன்புறம் இடுப்பளவு உயரத்தில், கோடையிலும் பச்சையாக நிற்கும் வேலிச்செடி வைக்க வேண்டும். அரளி நல்லது என்கிறார்கள். வீட்டில் நான்கு ஆடுகள் உள்ளன. எதை வைக்கலாம்?

பதில்: ஆடு, மாடு உள்ள வீட்டில் அரளி வேண்டவே வேண்டாம். இலை, பட்டை, பூ, விதை எல்லாமே நஞ்சு. காய்ந்தாலும் நஞ்சு போகாது. செடியில் நிற்கும் பச்சை இலையை ஆடு பெரும்பாலும் ஒதுக்கிவிடும். வெட்டிப்போட்ட கிளை வாடி, புல்லோடு கலந்து தீவனத்தில் சேர்வதுதான் பெரிய ஆபத்து.

களாவை நடலாம். இலை உதிராது, முள் உண்டு, வறட்சி தாங்கும், கல்லாங்குத்து நிலத்திலும் வரும். தண்ணீர் தேங்கும் இடம் மட்டும் ஆகாது. விதையைப் பழத்திலிருந்து எடுத்ததும் விதைத்துவிட வேண்டும். சேமித்து வைத்தால் முளைப்பு குறையும். நாற்று மெதுவாகத்தான் வளரும். பையில் வளர்த்து, மழைக்காலத் தொடக்கத்தில் இரண்டடி இடைவெளியில் நட்டு, நுனியைக் கிள்ளிவிட்டால் அடியிலிருந்தே அடர்த்தியாகக் கிளைக்கும். முள் முற்றும்வரை ஆட்டுக்கு எட்டாமல் படல் கட்டி மறைக்க வேண்டும். குழந்தைகள் ஓடியாடும் நடைபாதையை ஒட்டி நடக்கூடாது.

வேலி சீராகத் தெரிய வேண்டும் என்று மாதாமாதம் வெட்டினால் காய் கிடைக்காது. பூ கிளை நுனியில்தான் வரும். காய் பறித்தபின் ஒருமுறை கவாத்து செய்தால் போதும். வேலியும் நிற்கும், வீட்டுக்கு ஊறுகாயும் ஆகும்.